சிற்றாலைகளும் பொதுக்கணக்கும்

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் அமைந்த சிப்காட் தொழிற்பேட்டையில் பேராலைகளோடு சிற்றாலைகளும் பல உள. பேராலைகளிற் சுற்றுச்சூழற் சட்டங்களைக் கவனிப்பதற்கென்றே தனி அலுவலர் இருத்தல் கூடும். சிற்றாலையிலோ அப்பொறுப்பு முதலாளி, மேற்பார்வையாளர், கணக்கர் என்போரிடையே சிதறிக் கிடக்கும். பலர்க்குப் பொதுவான வேலை எவர்க்கும் உரியதன்றிப் போதல் உலக இயல்பு. அக்குறையை நீக்க எழுந்தது, பலரும் ஒருங்கே எழுதிப் பார்த்துவரத்தக்க கணினி மென்பொருள். அதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

உலோகங்களுக்கு முலாம் பூசும் சிற்றாலை ஒன்றைக் கருதுக. அதன் கழிவுநீரைச் சுத்திகரிக்குங்கால் நிக்கல், குரோமியம் முதலியன கலந்த கசடு தங்கும். இத்தகைய அபாயகரமான கழிவைப் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் ஆலையில் வைத்திருத்தலாகாதென 2016 ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தன. அதனை வெளியே அனுப்புங்கால் ஏழு படிகளிற் சீட்டெழுதவும் பணித்தன. வெள்ளைப்படி மாசு கட்டுப்பாடு வாரியத்திற்குச் செல்லும். மஞ்சட்படி அனுப்புவோரிடம் தங்கும். நீலப்படியோ கழிவு சேர்ந்தமைக்குச் சான்றாகப் பெற்றவரிடமிருந்து அனுப்பியவர்க்கு மீளும்.

நீலப்படி மீளாவிடின், அதனை அறிபவர் யார்? நிறுத்த எடையை மேற்பார்வையாளர் அறிவார். லாரிக்கு வாடகை கொடுத்தமையைக் கணக்கர் அறிவார். கையொப்பமிட்டமையை முதலாளி அறிவார். முழுமையை அறிவார் ஒருவருமிலர். வழியிற் கொட்டப்பட்ட கசடோ மழைநீரோடு கிணற்றிலும் ஏரியிலும் சேரும். ஆரணியாற்று நீரை நம்பிய உழவரும், பழவேற்காட்டு ஏரியை நம்பிய மீனவரும் அதன் பயனை நுகர நேரும்.

பொதுக்கணக்கில் இம்மூவர் அறிவும் ஒன்றுகூடும். கசடு சேர்ந்த நாளும் எடையும் எழுதப்பட்டவுடன் 90 நாட்களின் எண்ணிக்கை தொடங்கும். கெடு நெருங்குங்கால் மூவர்க்கும் எச்சரிக்கை செல்லும். நீலப்படி வரும்வரை அவ்வனுப்புகை முடிவுறாததாகவே காட்டப்படும். ஜூன் 30 ஆம் தேதிக்குள் அளிக்கவேண்டிய ஆண்டறிக்கைக்குரிய தொகையும் தானே திரண்டு நிற்கும். இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டுவதில்லை. மூவரும் திறக்கத்தக்க எளிய அட்டவணையொன்றே தொடக்கத்திற்குப் போதும்.

எனினும், மென்பொருள் கசடை நிறுப்பதில்லை, மனிதரே நிறுக்கின்றனர். பொய்யான எடையை எழுதினால் அப்பொய்யே மூவர்க்கும் விரைந்து பரவும். ஆதலின் எழுதியவர் பெயரும் நேரமும் ஒவ்வொரு பதிவிலும் நிற்றல் வேண்டும். திருத்தினால் பழைய எண்ணும் மறையாதிருத்தல் வேண்டும். நாளை இத்தகைய ஆலைகளிற் பணியேற்கும் நம் மாணவர், கணக்கின் நேர்மை பிறர் குடிக்கும் நீரின் தூய்மையே என்பதை உணர்வாராக.