மிக்ஸ்டேப்புக்கு கிராமி, ஆல்பத்துக்கு பூஜ்ஜியம்: சான்ஸ் தி ராப்பர் விஷயத்தில் என்ன நடந்தது?

100-க்கு 71 மார்க் வாங்கிய பையனை யாராவது ஃபெயில் என்று சொல்வார்களா? அமெரிக்காவின் சிகாகோவைச் சேர்ந்த சான்ஸ் தி ராப்பருக்கு 2019-ல் அதுதான் நடந்தது. அவருடைய ‘தி பிக் டே’ ஆல்பத்துக்கு, விமர்சனங்களின் சராசரியைக் கணக்கிடும் மெட்டாகிரிட்டிக் தளம் தந்த மதிப்பெண் 71. ஆனால், இணையத்தின் தீர்ப்பு வேறு: “படம் ஊத்திக்கிச்சு!”

இத்தனைக்கும் இரண்டரை வருடம் முன்புதான் அவர் ஒரே இரவில் 3 கிராமி விருதுகளை அள்ளியிருந்தார். அதுவும் ஆல்பத்துக்கு இல்லை, மிக்ஸ்டேப்புக்கு.

மிக்ஸ்டேப் என்றால் என்ன?

கேசட் காலத்தில் டிஜேக்கள் பாட்டுகளைத் தொகுத்துப் பதிவுசெய்து கொடுத்ததுதான் தொடக்கம். பிறகு வளரும் ராப்பர்கள், அடுத்தவர் இசைமீது தங்கள் வரிகளைப் பாடி, இசை நிறுவனத்தின் தயவு இல்லாமல் வெளியிடத் தொடங்கினார்கள். உரிமை வாங்காத இசைத் துணுக்குகள் இருந்தால் விற்க முடியாது. அதனால் பெரும்பாலும் இலவசம்தான். “கேளு, பிடிச்சா நாலு பேருக்கு அனுப்பு” என்பதுதான் வியாபாரமே.

சான்ஸின் ‘ஆசிட் ராப்’ 2019 ஜூனில் முறைப்படி ஸ்ட்ரீமிங்கிற்கு வந்தபோது, ‘ஜூஸ்’ பாட்டு மட்டும் அதில் இல்லை. காரணம், இதே உரிமைச் சிக்கல்.

ஏறுமுகமான 3 மிக்ஸ்டேப்கள்

பள்ளியில் 10 நாள் சஸ்பெண்ட் ஆனபோது உருவானது, 2012-ல் வெளியான ‘10 டே’. அடுத்த ஆண்டு வந்த ‘ஆசிட் ராப்’, அவரை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனது. துள்ளலான குரல், கூடவே நண்பனின் கொலையும் சிகாகோவின் துப்பாக்கிச் சத்தமும். பிட்ச்ஃபோர்க் இதழ் 10-க்கு 8.4 கொடுத்தது.

2016 மே மாதம் வந்தது ‘கலரிங் புக்’. தேவாலயப் பாடகர் குழுவின் கோஸ்பல் இசையை ராப்போடு கலந்த இதற்கு பிட்ச்ஃபோர்க் கொடுத்தது 9.1. சிடி இல்லை, விற்பனை இல்லை. ஸ்ட்ரீமிங்கை மட்டும் வைத்தே பில்போர்டு 200 பட்டியலில் 8-வது இடம் பிடித்தது. அப்படி அந்தப் பட்டியலில் நுழைந்த முதல் படைப்பு இதுதான். அதே ஆண்டு கிராமி அமைப்பு, ஸ்ட்ரீமிங்கில் மட்டும் வரும் படைப்புகளையும் போட்டியில் சேர்க்க விதியை மாற்றியது. 2017 பிப்ரவரியில், சிறந்த ராப் ஆல்பம் விருது மிக்ஸ்டேப் என்று சொல்லிக்கொண்ட ஒன்றுக்குப் போனது!

‘ஆல்பம்’ என்றதும் மாறிய அளவுகோல்

2019 ஜூலை 26-ல் வெளியான ‘தி பிக் டே’யை, தன் முதல் ஆல்பம் என்று சான்ஸ் அறிவித்தார். தன் கல்யாண நாளை மையமாக வைத்து 22 டிராக், 77 நிமிடம். பில்போர்டில் 2-வது இடம். விற்பனையில் குறை சொல்ல முடியாது.

விமர்சகர்கள் சொன்ன குறைகள் வேறு. நீளம் அதிகம், வரிகளில் பழைய கூர்மை இல்லை, நல்ல பாட்டுகள் கூட்டத்தில் தொலைகின்றன. பிட்ச்ஃபோர்க் 6.9-க்கு இறங்கியது. பிரபல யூடியூப் விமர்சகர் ஆன்டனி ஃபன்டானோ 10-க்கு பூஜ்ஜியமே போட்டுவிட்டார். மனைவியைப் பற்றித் திரும்பத் திரும்பப் பாடியது மீம் ஆனது. தான் பெருமையாக நினைக்கும் ஒன்றுக்காகத் தன்னை வெட்கப்பட வைக்கப் பார்க்கிறார்கள் என்று சான்ஸே ட்விட்டரில் வருந்தினார். அந்த ஆண்டு டிசம்பரில், ஏற்கெனவே தள்ளிப்போட்டிருந்த இசைச் சுற்றுப்பயணமும் ரத்தானது.

இலவசம் என்பதால்தான் முன்பு பாராட்டினார்களா?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மிக்ஸ்டேப்புக்கு அந்தச் சலுகை உண்டுதான். ஒரு பாட்டு சொதப்பினாலும் “சோதனை முயற்சி” என்று விட்டுவிடுவார்கள். ‘முதல் ஆல்பம்’ என்று பெயர் வைத்தால், 7 ஆண்டு காத்திருப்புக்கான கணக்கைக் கேட்பார்கள்.

ஆனால், அது பாதி விளக்கம்தான். 9.1 என்பது யாரும் இரக்கப்பட்டுப் போடும் மார்க் இல்லை. ‘ஆசிட் ராப்’ ஸ்ட்ரீமிங்கிற்கு வந்து சில வாரங்களிலேயே ‘தி பிக் டே’ வந்ததால், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடுவதும் சுலபமாகிவிட்டது. அந்த ஒப்பீட்டில் புதுசு தோற்றது.

அப்போ 71-க்கு என்ன அர்த்தம்?

மெட்டாகிரிட்டிக் ஒவ்வொரு விமர்சனத்தையும் 100-க்கான மதிப்பெண்ணாக மாற்றி, விமர்சகரின் முக்கியத்துவத்துக்கு ஏற்ப சராசரி எடுக்கிறது. அதன் கணக்கில் 71 என்பது ‘பொதுவாகச் சாதகம்’. ‘கலரிங் புக்’ வாங்கியது 89. அறிமுகப் பாடகர் 71 வாங்கினால் “பரவாயில்லையே” என்போம். 89-லிருந்து 71-க்கு வந்தால் அதே மார்க் வீழ்ச்சியாகத் தெரியும். மீமுக்குத் தேவை அந்தச் சரிவுதான். சராசரி யாருக்கு வேணும்?

அடுத்த ஆல்பமான ‘ஸ்டார் லைன்’ வர 6 ஆண்டுகள் ஆயின. 2025 ஆகஸ்டில் வெளியான அதற்கு, வரவேற்பு முந்தையதைவிட இதமாகவே இருந்தது. எதையாவது ‘டிசாஸ்டர்’ என்று டைம்லைன் முழுக்கச் சொன்னால், மார்க்கோடு சேர்த்து அவருடைய போன மார்க்கையும் பாருங்கள். பாதி கதை அங்கேதான் இருக்கும். மீதியை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாமேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.