வீட்டுக்கு ஓர் எளிய படக்கருவி: டெக் முதல் பென் டிரைவ் வரை

திரையரங்குக்குப் போகாமல் வீட்டுத் தொலைக்காட்சியில் திரைப்படத்தை ஓட்டிக் காட்டும் கருவி, தமிழ்நாட்டில் கடந்த 40 ஆண்டுகளில் பலமுறை உருமாறியிருக்கிறது. விசிஆர், விசிடி பிளேயர், டிவிடி பிளேயர், ப்ளூரே, பென் டிரைவ் செருகும் டிவி, இணையம் வழி படம் தரும் குச்சி என்று ஒவ்வொன்றும் வரும்போது முந்தையது பரணுக்குப் போனது. ஆனால் அந்தந்தக் காலத்தில் வாங்கிய கேசட்டுகளும் தட்டுகளும் அலமாரியிலேயே இருக்கின்றன. இன்று எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்விக்கு விடை கடையில் இருப்பதைவிட அந்த அலமாரியில்தான் அதிகம் இருக்கிறது.

சென்னை அசோக் நகர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1960களில் உருவான குடியிருப்புப் பகுதி இது. பக்கத்து வடபழனியில் ஏவிஎம் உள்ளிட்ட படப்பிடிப்பு நிலையங்கள் இருந்தன. அசோகத் தூணுக்கு அருகே 1983-ல் தொடங்கிய உதயம் திரையரங்கம் சுமார் 40 ஆண்டுகள் ஓடி அண்மையில் மூடப்பட்டது. நடந்தே போய்ப் படம் பார்த்த தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெற்றோர் மட்டும் வசிக்கும் அடுக்ககங்கள் இங்கே நிறைய. இப்படிப்பட்ட வீடுகளில் ஒரே பொத்தானில் பழைய படம் ஓட வேண்டும் என்பது சின்ன ஆசைதான். அதை நிறைவேற்றுவது முன்பைவிட இப்போது கடினமாகிவிட்டது.

டெக் காலம்

இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்தது. அதைத் தொடர்ந்து விசிஆர் பரவியது. தமிழ்நாட்டில் அதை யாரும் விசிஆர் என்று சொன்னதில்லை, அது 'டெக்'. சொந்தமாக வாங்க முடியாதவர்கள் டிவி, டெக், மூன்று கேசட் எல்லாவற்றையும் சேர்த்து ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். காதுகுத்து, திருவிழா, கல்யாண வீடு என்றால் 'டெக் போடுவது' வழக்கமானது. திரையரங்குகளுக்கு இது பெரும் போட்டியாகவே, விசிஆர் மூலம் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு 1984-ல் தனிச் சட்டமே கொண்டு வந்தது.

சோனி நிறுவனம் 1975-ல் பீட்டாமேக்ஸையும், ஜேவிசி நிறுவனம் 1976-ல் விஎச்எஸ்ஸையும் வெளியிட்டன. படத்தின் தெளிவில் பீட்டாமேக்ஸ் ஒரு படி மேல் என்று அப்போதே பேசப்பட்டது. ஆனால் தொடக்கத்தில் அதன் கேசட்டில் 1 மணி நேரம்தான் பதிவாகும். விஎச்எஸ்ஸில் 2 மணி நேரம். பிறகு இந்தியாவில் புழங்கிய சாதாரண விஎச்எஸ் கேசட் 3 மணி நேரம் ஓடியது. இரண்டே முக்கால் மணி நேரத் தமிழ்ப் படம் பாட்டு, சண்டை எதுவும் வெட்டுப்படாமல் அதில் அடங்கியது. தெளிவைவிட நீளம் வென்ற போட்டி அது.

இரண்டு தட்டில் ஒரு படம்

1993-ல் தரநிலை வகுக்கப்பட்ட விசிடி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிதாக எடுபடவில்லை. ஆசிய நாடுகளில்தான் அது வாழ்ந்தது. குறுந்தகட்டின் அதே தட்டில் படத்தைச் சுருக்கிப் பதிந்தார்கள். அகலத்தில் 352, உயரத்தில் 288 புள்ளிகள் கொண்ட படம். ஒரு தட்டில் 74 நிமிடம். ஆகவே தமிழ்ப் படம் ஒவ்வொன்றும் இரண்டு தட்டானது. நீளமான படமென்றால் மூன்று. முதல் தட்டு பெரும்பாலும் இடைவேளையை ஒட்டி முடிந்ததால் யாருக்கும் அது குறையாகத் தோன்றவில்லை. எழுந்துபோய்த் தட்டை மாற்றி, அப்படியே காபியும் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

விசிடியின் மலிவு திருட்டு விசிடிக்கும் வழி திறந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காக 1969-ல் உருவான பர்மா பஜார், படத் தட்டுகளுக்குப் பெயர்போன இடமாயிற்று. 2004-ல் தமிழ்நாடு அரசு திருட்டு வீடியோ தொழிலைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டு வந்தது. விலைதான் உண்மையான பிரச்சினை என்று பார்த்தது மோசர் பேயர் நிறுவனம். 2007-ல் அது விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் முறையான உரிமத்தோடு விற்கத் தொடங்கியது. மளிகைக் கடை வாசலில்கூட பழைய தமிழ்ப் படங்கள் தொங்கின. இன்று பல வீடுகளில் இருக்கும் தட்டுகள் அந்தச் சில ஆண்டுகளில் வாங்கியவையே. அந்த நிறுவனம் பின்னர் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டுவிட்டது. தட்டுகள் இன்னும் ஓடுகின்றன.

டிவிடியில் படம் 720-க்கு 576 புள்ளிகள். 4.7 ஜிபி கொள்ளளவுள்ள ஒரே தட்டில் முழுப் படமும் அடங்கும். 'ஒரே தட்டில் ஐந்து படம்' என்று விற்கப்பட்டவை ஏன் மங்கலாகத் தெரிந்தன என்பதற்கு இந்த எண்ணே விளக்கம்: அதே இடத்தை ஐந்தாகப் பங்கிட்டால் ஒரு படத்துக்கு 1 ஜிபிகூட மிஞ்சாது. 2015-ல் இயக்குநர் சேரன், 'சி2எச்' என்ற திட்டத்தில் தமது 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரடியாக டிவிடியில் வெளியிட்டார். நல்ல முயற்சி, ஆனால் காலம் கடந்து வந்தது. அடுத்த ஆண்டே நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவுக்கு வந்துவிட்டது. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' திரையரங்கையும் தட்டையும் தொடாமல் நேராக அமேசான் பிரைமில் வெளியானது.

புதியது எல்லாவற்றையும் படிக்குமா?

படிக்காது. கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

விசிடி, டிவிடி, ப்ளூரே மூன்றும் பார்வைக்கு ஒரே அளவுத் தட்டுகள். ஆனால் அவற்றைப் படிக்கும் லேசர் ஒளி வேறு வேறு. விசிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளம், டிவிடிக்கு 650, ப்ளூரேக்கு 405. தட்டில் உள்ள குழிகள் நுணுக்கமாக ஆக ஆக ஒளியின் அலைநீளமும் குறைய வேண்டும். ஆகவே விலை உயர்ந்த கருவி தானாகவே பழைய தட்டைப் படிக்கும் என்று நினைக்க முடியாது. அதற்கான லேசரையும் மென்பொருளையும் தயாரிப்பாளர் சேர்த்திருக்க வேண்டும். டிவிடியைத் தடையில்லாமல் ஓட்டும் ப்ளூரே கருவிகளில் சில, விசிடியைக் கண்டால் திரும்பத் துப்பிவிடும். சாதாரண டிவிடி பிளேயர் இதில் மேல். பெரும்பாலானவை விசிடி, டிவிடி, பாட்டுத் தட்டு மூன்றையும் ஏற்கும். அலமாரியில் ப்ளூரே தட்டே இல்லாத வீட்டுக்கு ப்ளூரே கருவி தேவையில்லாத செலவு.

வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ கொண்டு வரும் கருவியிலும் தட்டிலும் வேறு சிக்கல் உண்டு. டிவிடி உலகத்தை வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எண் 1, இந்தியாவின் எண் 5. ஓரிடத்துத் தட்டு மற்றோரிடத்துக் கருவியில் பொதுவாக ஓடாது. 'எல்லா வட்டாரமும்' என்று குறிப்பிட்ட கருவியில்தான் ஓடும். அதைவிட ஆபத்தானது மின்சாரம். அமெரிக்கக் கருவி 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டிருந்தால், நம் 230 வோல்ட் பிளக்கில் செருகிய கணத்தில் புகைந்துவிடும். கருவியின் பின்புறத்தில் '100-240' என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை.

டிவியின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். பழைய கருவிகளில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வண்ண ஒயர். புதிய டிவி பலவற்றில் அந்த மூன்று துளைகள் இல்லை. இருந்தாலும் ஹெட்போன் துளை போல ஒன்றே ஒன்று இருக்கும், அதற்குத் தனி இணைப்பு ஒயர் தேவை. எச்டிஎம்ஐ உள்ள டிவிடி பிளேயர் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. இணைத்த பிறகு படம் பக்கவாட்டில் இழுபட்டு, நாயகியின் முகம் பூசணிக்காய் போலத் தெரிந்தால் கருவி பழுது என்று எண்ண வேண்டாம். பழைய படத்தின் 4:3 அளவை அகலத் திரை இழுத்துக் காட்டுகிறது; அமைப்பில் போய் 4:3 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

குச்சியும் கணக்கும்

தட்டே வேண்டாம், டிவியில் குச்சி செருகினால் எல்லாப் படமும் வரும் என்பது இன்றைய அறிவுரை. பாதி உண்மை. இணையமும் சந்தாவும் இருக்கும்வரை அது வசதிதான். ஆனால் அங்கே இருக்கும் படம் வாடகைக்கு இருப்பது. தளத்துக்கும் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தால் நேற்று இருந்த படம் இன்று காணாது. தவிர, கைபேசிக்கு வரும் கடவுச்சொல், புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு, அடிக்கடி இடம் மாறும் முகப்பு இவையெல்லாம் எழுபது வயதுக்காரருக்குப் படம் பார்ப்பதற்கு முந்தைய தேர்வுகள். தட்டைப் போட்டால் ஓடும் கருவி இதையெல்லாம் கேட்பதில்லை.

இரண்டுக்கும் நடுவே உள்ளது பென் டிரைவ். இன்றைய டிவி பெரும்பாலானவற்றில் யூஎஸ்பி துளை இருக்கிறது. தனிக் கருவியே தேவைப்படாமல் போகலாம். ஆனால் படம் ஓடிச் சத்தம் வராமல் போவது இதில் அடிக்கடி நேரும். கோப்பின் ஒலி டிடிஎஸ் வகையாக இருந்து, டிவிக்கு அந்த உரிமம் இல்லாவிட்டால் அப்படி ஆகும். எச்.264 படமும் ஏஏசி ஒலியும் கொண்ட எம்பி4 கோப்பு ஏறக்குறைய எல்லா டிவியிலும் ஓடும். இன்னொன்று: ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்தால் ஏற்கும். டிவி அதைப் படிக்குமா என்று முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

எளிமை என்பது கருவியைவிட ரிமோட்டில்தான் இருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் டிவி வேறு இணைப்புக்கு மாறிவிடுவதும், 'சோர்ஸ்' பொத்தானைத் தேடத் தெரியாமல் கருவி கெட்டுவிட்டது என்று மூடி வைப்பதும் பல வீடுகளில் நடப்பவை. அந்தப் பொத்தானிலும் ஓட்டும் பொத்தானிலும் ஆளுக்கொரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால், ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் வசதியைவிட அது உதவும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குவதும் நல்லது. மூன்று மணி நேரப் படத்தை ஒரே இருப்பில் பார்க்கும் முதியவர்கள் குறைவு.

அலமாரியின் அடித்தட்டு

திரைப்படத் தட்டு தொலைந்தால் எங்காவது மீண்டும் கிடைக்கலாம். கல்யாணக் கேசட் அப்படியல்ல. உலகத்தில் அது ஒன்றே ஒன்று. கருவி வாங்கும் பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். விசிஆர் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. அதன்பின் உலகில் இருக்கும் டெக் அனைத்தும் பழையவை. ஒவ்வோர் ஆண்டும் எண்ணிக்கை குறைகிறது.

கேசட்டும் காத்திருக்காது. நாடாவின் மேல் பூசிய காந்தத் துகள்களில்தான் படம் இருக்கிறது. சென்னையின் ஈரக்காற்றில் அதன் மேல் பூஞ்சை படரும். கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அப்படித் தெரிந்தால் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று டெக்கில் போடக் கூடாது. டெக்கினுள் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் உருளை நாடாவை உரசிப் படத்தைப் படிக்கிறது. பூஞ்சை அதில் ஒட்டிக்கொண்டால் அடுத்து போடும் நல்ல கேசட்டும் பாழாகும். நாடா ஒட்டிக்கொண்டு அறுந்துபோவதும் உண்டு. பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்த டெக்கையும் சுத்தம் செய்யாமல் நம்பக் கூடாது.

ஆகவே கேசட்டுக்காகப் பழைய டெக்கைத் தேடி வாங்குவதைவிட, கேசட்டை ஒருமுறை கோப்பாக மாற்றிக்கொள்வதே சரியான வழி. வீடியோ ஸ்டுடியோக்கள் சில இதைச் செய்து தருகின்றன. நல்ல டெக் கைவசம் இருந்தால் வீட்டிலும் முடியும். டெக்கின் வெளியீட்டை யூஎஸ்பி வழியாகக் கணினிக்குக் கொடுக்கும் சிறு கருவி, ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருக்களில் கேட்டுப் பார்க்க வேண்டிய பொருள். இதில் குறுக்கு வழி கிடையாது. 3 மணி நேரக் கேசட் மாற 3 மணி நேரம் ஆகும்; மணிக்குச் சுமார் 2 ஜிபி இடம் பிடிக்கும். மாற்றிய கோப்பை டிவிடியில் எழுதி மட்டும் வைப்பது போதாது. வீட்டில் எழுதும் தட்டில் தகவல் சாயப் படலத்தில் பதிகிறது. வெயிலிலும் ஈரத்திலும் அது வெளுக்கும். இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள பிள்ளையிடம் கொடுத்து வைப்பது பாதுகாப்பு. கோப்பு சரியாக ஓடுவதை முழுதும் பார்த்து உறுதி செய்யும்வரை மூலக் கேசட்டை எறியக் கூடாது.

அந்த 3 மணி நேரமும் கேசட் எப்படியும் ஓடப்போகிறது. வீட்டின் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால், பந்தியில் பரிமாறுகிறவர் எந்த ஊர் மாமா, மணவறைக்குப் பின்னால் நிற்பது யார் பெண் என்று சொல்லிக்கொண்டே வருவார். கேசட்டின் மேல் உள்ள சீட்டில் 'கல்யாணம் - 2' என்று மட்டும்தான் எழுதியிருக்கும். அவர் சொல்வதை நேரத்தோடு ஒரு தாளில் குறித்து, தாளைப் படம் எடுத்து அதே பென் டிரைவில் சேர்த்துவிடலாம். கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. சில டிவிகள் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும்.