'டீசல்னாதான் உழைக்கும்' - மீஞ்சூர் வேலை வண்டிக்கு இந்தக் கணக்கு இன்னும் செல்லுமா?

ஏசி மெக்கானிக், பிளம்பர், எலக்ட்ரீஷியன், கிரில் வெல்டர்... சொந்தமாகத் தொழில் செய்யும் ஒருவர், "வேலைக்கு ஒரு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன், எந்த இன்ஜின் நல்லது?" என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "யோசிக்காம டீசல் எடுப்பா. உழைக்கும்."

அந்தப் பதில் ஒரு காலத்தில் நூற்றுக்கு நூறு சரி. பிரச்சினை என்னவென்றால், எந்த இன்ஜினை மனதில் வைத்து அப்படிச் சொல்கிறார்களோ அந்த மாதிரி இன்ஜின் 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஷோரூமில் இல்லை.

மாதத் தவணை கட்டி வண்டி எடுப்பவருக்கு இது சின்ன விஷயம் கிடையாது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற நாளில் வேலையும் நிற்கும். தவணை மட்டும் நிற்காது. அதனால் 'எந்த கம்பெனி' என்பதை ஓரமாக வைத்துவிட்டு, 'என் வண்டி ஒரு நாளைக்கு எப்படி ஓடும்' என்பதிலிருந்து ஆரம்பிப்போம்.

குட்டி யானை கற்றுக்கொடுத்த நம்பிக்கை

'டீசல்னா உழைக்கும்' என்ற நம்பிக்கைக்குப் பெரிய காரணம், நாம் 'குட்டி யானை' என்று செல்லமாகக் கூப்பிடும் டாடா ஏஸ். 2005-ல் சுமார் 2.25 லட்சம் ரூபாய்க்கு வந்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், முக்கால் டன் லோடு. இண்டிகா காரின் 1.4 லிட்டர் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பாதியாக்கியதுபோல உருவானது அதன் இன்ஜின். வேகம் இல்லை, சத்தம் ஜாஸ்தி. ஆனால் உள்ளே கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. தெருமுனை மெக்கானிக் பிரித்துப் போட்டு, மாலைக்குள் மாட்டிக்கொடுத்துவிடுவார்.

வடசென்னைக்கு இந்த வகை எளிமை புதிதல்ல. பழைய ஸ்கூட்டர், பைக் இன்ஜினைக் கழற்றி மூன்று சக்கர வண்டியில் மாட்டி, மீன்பாடி வண்டி ஓட்டிய ஊர் இது. (அது சட்டப்படி சரியா என்பது வேறு கதை.) இன்னொரு பக்கம், 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி எண்ணூரில் ஆஸ்டின் கார்களை அசெம்பிள் செய்த நிறுவனம்தான் இன்றைய அசோக் லேலண்ட். அதன் 'தோஸ்த்' 2011-ல் வந்தது: 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், காமன் ரெயில் டீசல். ஒன்றேகால் டன் இழுக்கும். குட்டி யானைக்கு லோடு கொஞ்சம் ஜாஸ்தி என்று நினைத்தவர்கள் அந்தப் பக்கம் போனார்கள்.

எரிபொருள் விலையும் அப்போது டீசல் பக்கம்தான். 2012-ல் ஒரு கட்டத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2025-ல் சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டி, டீசல் 92 ரூபாயை ஒட்டி. வித்தியாசம் சுமார் 8 ரூபாய்.

பிஎஸ்-6 வந்ததும் என்ன ஆச்சு?

பிஎஸ்-4-லிருந்து பிஎஸ்-5-ஐத் தாண்டி நேராக பிஎஸ்-6-க்குக் குதித்தது இந்தியா. காற்றுக்கு நல்லது, அதில் சந்தேகமே இல்லை. அனல்மின் நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் நடுவே மூச்சு விடுகிற மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் மக்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுத்தத்துக்கு டீசல் இன்ஜின் கொடுக்கிற விலை கொஞ்சம் அதிகம்.

டீசல் எரியும்போது கரித்துகள் உருவாகும். அதைப் பிடித்துவைக்க பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் பொதுவாக டிபிஎஃப் என்ற வடிகட்டி, புகை வெளியேறும் பாதையில் இருக்கும். பிடித்த கரியை என்ன செய்வது? அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு தேவை. வண்டி சீரான வேகத்தில் 20, 25 நிமிடம் நிற்காமல் ஓடினால் இந்த எரிப்பு தானாக நடந்து முடிந்துவிடும். டிரைவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

நிற்காமல் ஓடினால்.

இப்போது மீஞ்சூர் ஏசி மெக்கானிக் ஒருவரின் நாளைக் கற்பனை செய்து பாருங்கள். காலையில் வல்லூரில் ஒரு சர்வீஸ். சில கிலோமீட்டர்தான். அங்கிருந்து அத்திப்பட்டு புதுநகர். மதியம் மணலி புதுநகரில் ஒரு இன்ஸ்டாலேஷன், வழியில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் முதல் கியர். சாயங்காலம் காட்டுப்பள்ளி பக்கம் ஒரு போன் கால். மொத்தம் 40 கிலோமீட்டர் வந்தால் பெரிது. ஒவ்வொரு முறையும் இன்ஜின் சூடாகி முடிப்பதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறார்.

இப்படி ஓடும் டீசல் வண்டியில் கரி எரிப்பு பாதியிலேயே நின்று போகும். திரும்பத் திரும்ப நின்றால் வடிகட்டி அடைக்கும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், வண்டி இழுவை குறையும். எரிப்புக்காகக் கூடுதலாகத் தெளிக்கப்பட்ட டீசல், சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கவும் செய்யும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருந்தால் 'பரவாயில்லையே, ஆயில் குடிக்கலை' என்று சந்தோஷப்படாதீர்கள். அது நீர்த்துப்போன ஆயிலாக இருக்கலாம். பேரிங் தேய்வது அங்கிருந்துதான் தொடங்கும்.

'டிபிஎஃப்பை வெட்டி எடுத்துடலாம் சார்' என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த வடிகட்டியின் சென்சாரை எதிர்பார்த்தே இன்ஜினின் கம்ப்யூட்டர் வேலை செய்கிறது. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும்.

டீசல் வண்டி ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு மீஞ்சூரில் ஒரு வசதி உண்டு. வண்டலூரிலிருந்து வரும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இங்கேதான் வந்து முடிகிறது. வாரத்துக்கு ஒருமுறை அதில் ஏறி அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு வந்தால், வடிகட்டிக்கு மூச்சு கிடைக்கும்.

கணக்கு போட்டுப் பார்ப்போமா?

பெட்ரோல் மினி டிரக் லிட்டருக்கு 15, டீசல் 18 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், தினம் 40 கிலோமீட்டர். மொத்தம் 1,040 கிலோமீட்டர். பெட்ரோலுக்குச் சுமார் 7,000 ரூபாய், டீசலுக்குச் சுமார் 5,350 ரூபாய். மாதம் 1,650 ரூபாய் மிச்சம். ஒரு நாள் வேலை போனால் 1,500 ரூபாய் நஷ்டம் என்று கொண்டால், மாதத்தில் ஒரே ஒரு நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றாலே அந்த மிச்சம் காலி. டீசல் வண்டிக்குக் கொடுத்த கூடுதல் விலையை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆனால் தினம் 100 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், முக்கால் டன்னுக்கு மேல் லோடு, வெளிவட்டச் சாலையில் பூந்தமல்லி, வண்டலூர் வரை போய் வருகிறீர்கள் என்றால் கதை தலைகீழ். அதே கணக்கில் மாத மிச்சம் 4,000 ரூபாயைத் தாண்டும். டிபிஎஃப்பும் தானாகச் சுத்தமாகிக்கொள்ளும். கிரில், ஷட்டர், ஃபேப்ரிகேஷன் வேலை செய்பவர்களுக்கு இன்றும் தோஸ்த், பொலிரோ பிக்கப் ரக டீசல்தான் சரி. இரும்பு ஏற்றிய வண்டிக்குக் குறைந்த ஆர்பிஎம்மில் கிடைக்கும் இழுவை வேண்டும். அதைச் சின்ன பெட்ரோல் இன்ஜினிடம் கேட்டால் அது அலறும்.

தண்ணீரும் உப்பும் சாம்பலும்

எந்த இன்ஜினை எடுத்தாலும் இந்தப் பகுதிக்கென்று சில எதிரிகள் உண்டு. முதலாவது, ரொம்பச் சாதாரணமாகத் தெரிகிற ஒன்று: போர் தண்ணீர்.

மீஞ்சூர் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் பதிவு செய்து வரும் விஷயம். சென்னையின் தேவைக்காகப் பல பத்தாண்டுகள் இங்கே நீர் உறிஞ்சப்பட்டதன் விளைவு அது. (அந்தச் சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கித் தர, 2010-ல் பக்கத்துக் காட்டுப்பள்ளியிலேயே தினம் 10 கோடி லிட்டர் ஆலை வந்தது.) அந்த உப்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவது நம்மில் பலருக்குப் பழக்கம். இன்றைய இன்ஜின்களின் ஹெட் அலுமினியம். உப்பு அதை அரிக்கும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மே மாத வெயிலில் நிற்கும்போது சூடேறி ஹெட் கேஸ்கெட் போகும். அப்புறம் 'இந்தக் கம்பெனி இன்ஜினே சரியில்லை' என்று பெயர் வரும். கம்பெனி சொல்லும் கூலன்ட், அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர். ஒரு கேன் சீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கட்டும்.

சாம்பலும் நிலக்கரித் தூசியும் அடுத்தது. மேனுவலில் போட்டிருக்கும் ஏர் ஃபில்டர் இடைவெளி சாதாரணச் சாலைக்கானது. வல்லூர், அத்திப்பட்டு சாலைக்கு அதில் பாதி என்று வைத்துக்கொள்வது நல்லது. கடல் காற்றில் வயரிங் கனெக்டர்கள் பச்சை பூப்பதும் இங்கே சகஜம். சென்சார் நிறைந்த வண்டியில் பல 'இன்ஜின் கோளாறு'கள் உண்மையில் அந்தப் பச்சைதான்.

வெள்ளத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்ன செய்தது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். காற்று இழுக்கும் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போனால், பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளையும். நீரில் நின்று அணைந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளிக் கொண்டுபோக வேண்டியதுதான். சாதாரண இன்ஷூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் வராது. 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் வேண்டும். மீஞ்சூரில் வண்டி வைத்திருப்பவர் விடக்கூடாத செலவு இது.

அப்போ எதைத்தான் எடுக்கிறது?

ஊருக்குள்ளேயே சுற்றும் சர்வீஸ் வேலைக்கு, என் பார்வையில், பெட்ரோல் - சிஎன்ஜி இரண்டிலும் ஓடும் இன்ஜின்தான் முதல் தேர்வு. மாருதியே இதற்கு நல்ல உதாரணம். 2016-ல் சூப்பர் கேரியை 793 சிசி இரண்டு சிலிண்டர் டீசலில் கொண்டுவந்தார்கள். பிஎஸ்-6 வந்ததும் டீசலையே கைவிட்டார்கள். இப்போது அதில் 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல், சிஎன்ஜி மட்டும். 2019-ல் ஆம்னி நின்ற பிறகு, பூட்டி வைக்கிற மூடிய வேன் தேடுபவர்களுக்கு ஈகோ இருக்கிறது. காப்பர் பைப்பும் வேக்கும் பம்பும் வைத்திருக்கும் ஏசி மெக்கானிக்குக்குத் திறந்த லோடு வண்டியைவிட அதுதான் பாதுகாப்பு. டாடாவும் பிஎஸ்-6 ஏஸில் 694 சிசி பெட்ரோல் கொண்டுவந்தது. 2025-ல் வந்த ஏஸ் புரோவில் பெட்ரோல், இருவகை எரிபொருள், மின்சாரம் மூன்றும் உண்டு, டீசல் இல்லை.

சிஎன்ஜியில் இழுவை குறையும். ஈகோ பெட்ரோலில் சுமார் 81 குதிரைத்திறன், சிஎன்ஜியில் 72-க்குப் பக்கம். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். சிலிண்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது, உங்கள் ஏணியும் டூல் பாக்ஸும் மிச்ச இடத்தில் போகுமா என்று நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019 முதல் இயற்கை எரிவாயு முனையம் இயங்குகிறது. ஆனால் பக்கத்தில் கேஸ் இறங்குவது வேறு, உங்கள் வழியில் பங்க் இருப்பது வேறு. பங்கில் எவ்வளவு நேரம் வரிசை என்பதை ஒரு வாரம் கவனித்துவிட்டு வாங்குங்கள்.

மின்சார வண்டி? சொந்த வீடு, வாசலில் பார்க்கிங், 15 ஆம்பியர் பிளக், தினம் 60, 70 கிலோமீட்டருக்குள் ஓட்டம் என்றால் தாராளமாக யோசிக்கலாம். 2022-ல் வந்த ஏஸ் இவி-யின் பேட்டரி 21.3 கிலோவாட் அவர், சான்றளிக்கப்பட்ட தூரம் 154 கிலோமீட்டர். லோடோடு நிஜத்தில் அதைவிடக் குறையும். நின்று நின்று ஓடும் வேலைக்கு மோட்டார் அலுத்துக்கொள்ளாது. வாடகை வீட்டு மூன்றாவது மாடியில் இருப்பவர் இதை விட்டுவிடலாம்.

விலையில் ஒரு ஆறுதல்: 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மின்சார வண்டிக்கு ஏற்கெனவே 5 சதவீதம்தான்.

பழைய வண்டி வாங்குறீங்களா?

பட்ஜெட் இல்லாதவர்கள் பிஎஸ்-4 டீசல் குட்டி யானையைத் தேடிப் போகிறார்கள். அது தப்பில்லை. டிபிஎஃப் தொல்லை கிடையாது, சாமான் எங்கேயும் கிடைக்கும், கை தெரிந்த மெக்கானிக் தெருவுக்கு ஒருவர். பார்க்கப் போகும்போது முன்கூட்டியே சொல்லி, 'வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேனட் அல்லது சீட்டுக்கு அடியில் கை வைத்துப் பார்த்து இன்ஜின் ஜில்லென்று இருந்தால்தான் சோதனை. குளிர்ந்த இன்ஜின் ஓரிரு சுற்றில் பிடிக்க வேண்டும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் பிசுக்கு இருந்தால் ஆயிலில் தண்ணீர். அந்த இடத்திலிருந்தே கிளம்பிவிடுங்கள். ரேடியேட்டர் தண்ணீர் துருநிறத்தில் இருந்தால், மேலே சொன்ன போர் தண்ணீர் கதை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

பெட்ரோல் வண்டியில் 2023 ஏப்ரலுக்கு முந்தையது என்றால், 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு அதன் ரப்பர் குழாய்கள் தாங்குமா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். வண்டியின் வயதையும் ஆர்சி-யில் பாருங்கள். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்சி. அதைத் தாண்டினால் ஆண்டுதோறும். ஒவ்வொரு எஃப்சி-க்கும் டிங்கரிங், பெயின்ட், லைட் என்று வண்டி சில நாள் நிற்கும். அந்த நாட்களையும் விலையில் பேரம் பேசிக் குறைத்துக்கொள்ளலாம்.