ஆடாத தச்சு மேசை

நம் வீட்டு வேலைக்கு வரும் ஆசாரியைக் கவனித்திருப்பீர்கள். திருநெல்வேலியானாலும் தில்லியானாலும் அவர் மேசை கேட்பதில்லை. தரையில் உட்கார்ந்து, பலகையைப் பாதத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இழைத்துவிடுவார். அது பரம்பரை வித்தை. முப்பது வருஷம் நாற்காலியில் அமர்ந்து கோப்பு பார்த்த நம் முழங்கால்கள் அதற்குச் சம்மதிப்பதில்லை. ஓய்வு நேரத்தில் ஒரு புத்தக அலமாரியோ மணையோ செய்து பார்க்க ஆசைப்படும் நமக்கு மேசை வேண்டும்.

நானும் முதலில் ஒன்று செய்தேன். நான்கு கால், மேலே பலகை, கொஞ்சம் ஆணி. பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்தது. இழைப்புளியைத் தள்ளியதும் முன்னும் பின்னும் ஆடிற்று. பொருட்படுத்தாமல் உளி பிடித்தேன். மேசை அசைந்தது, உளி சறுக்கி இடது உள்ளங்கையில் இறங்கியது. நாலு தையல்! "கடையிலேயே அலமாரி வாங்கியிருந்தால் இதைவிடச் சல்லிசு" என்றாள் மனைவி. என்னிடம் பதில் இல்லை. அன்று கற்ற பாடம் இதுதான்: தச்சு மேசைக்கு உயர்ந்த மரம் வேண்டாம், ஆனால் அது ஆடவே கூடாது.

ஏன் ஆடுகிறது? தீப்பெட்டியின் உள்பெட்டியை எடுத்துவிட்டு வெளி உறையை மட்டும் அழுத்திப் பாருங்கள், சாய்ந்து மடங்கும். உள்பெட்டியைச் சொருகினால் மடங்காது. நான்கு சட்டங்களால் ஆன சதுரமும் அப்படித்தான். அதன் மேல் ஒரு தகடு பதித்துவிட்டால் சாயாது. நம் மேசைக்கு அந்தத் தகடு முதுகுப் பலகை.

வாங்க வேண்டியவை

மேற்குத் தில்லியில் கீர்த்தி நகர் மரச் சந்தைக்குப் போனால் பிளைவுட்டும் மரமும் ஒரே இடத்தில் கிடைக்கும். போல்ட், திருகு வகைகளுக்குப் பழைய தில்லியின் சாவ்ரி பஜார். கடைக்காரர் 'சூத்' என்று பேசினால் திகைக்க வேண்டாம். எட்டு சூத் ஓர் அங்குலம். நம் ஊர் ஆசாரி 'நூல்' என்பதும் இதே அளவுதான். இரண்டு சொல்லுக்கும் பொருள் இழை என்பது வேடிக்கையான ஒற்றுமை!

8 அடிக்கு 4 அடி, 19 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று வாங்கி, 4 அடிக்கு 2 அடி வீதம் நான்கு துண்டாகக் கடையிலேயே அறுத்துத் தரச் சொல்லுங்கள். மேசை பால்கனியில் நிற்குமானால் ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகம் நல்லது. 3 அங்குல அகலம், 1½ அங்குலக் கனமுள்ள பைன் சட்டம் சுமார் 42 அடி வேண்டும். பழைய கதவு நிலைகளை அறுத்தும் எடுக்கலாம். ஆனால் ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் பார்த்துவிடுங்கள். மாவு கொட்டும் துளை உள்ள மரம் வேண்டாம், பூச்சி வீட்டுக்குள் வரும். மூன்று நூல் பருமன், 5½ அங்குல நீளத்தில் எட்டு போல்ட், நட்டும் வாஷரும் சேர்த்து வாங்குங்கள். இவற்றோடு மரப் பசையும் திருகுகளும் போதும்.

செய்முறை

மேசையின் உயரம் 33 அங்குலம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மட்டத்துக்கு மேசை வர வேண்டும். ஐந்தரை அடி ஆளுக்கு இது சரியாக இருக்கும்.

ஒவ்வொரு காலுக்கும் 31½ அங்குலச் சட்டம் ஒன்று. அதன் உட்புறம், மேல் நுனியில் 3 அங்குலம் இடம் விட்டு 18 அங்குலத் துண்டை ஒட்டுங்கள். மறுபடி 3 அங்குலம் விட்டு, அடியில் 7½ அங்குலத் துண்டு. விட்ட இரு இடங்களிலும் குறுக்குச் சட்டங்கள் பொருந்தும். உளியே எடுக்காமல் நல்ல இணைப்பு கிடைத்துவிடும்! 18 அங்குலக் குறுக்குச் சட்டங்கள் இரண்டால் இரு கால்களை இணைத்துப் பசையும் திருகும் போட்டால் ஒரு பக்கம் தயார். இதே போல் இன்னொன்று. மூலைகள் சதுரமாக இருக்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

அடுத்து 42 அங்குல நீளச் சட்டங்கள் நான்கு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. குறுக்குச் சட்டங்களின் மட்டத்திலேயே, கால்களின் வெளிப்பக்கம் வைத்து போல்ட் போடுங்கள். காலின் முழு நீளச் சட்டத்தில் துளையிட்டால் குறுக்குச் சட்டம் வழிமறிக்காது. இங்கே பசை கூடாது.

பிளைவுட் துண்டு ஒன்றை 42 அங்குலத்துக்கு வெட்டிப் பின்பக்கச் சட்டங்கள் இரண்டிலும் நெருக்கமாகத் திருகுங்கள். இதுதான் ஆட்டத்தை நிறுத்துவது. இன்னொன்றைக் கீழ்த்தட்டாக வையுங்கள். மீதி இரண்டையும் முழுப் பரப்பிலும் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கனமான சாமான்களை ஏற்றி ஒரு நாள் விட்டால் ஒன்றரை அங்குல மேல்தட்டு. அதை அடியிலிருந்து திருகிவிடுங்கள்.

மேல்தட்டுக்கு ஏன் பிளைவுட்? மே, ஜூன் மாத லூ காற்றில் மரம் சுருங்கும், ஆடி மழையில் உப்பும். அதுவும் அகலவாட்டில்தான் அதிகம். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கின்றன.

இன்னும் அசைந்தால் கீழ்த்தட்டில் பத்துச் செங்கல் அடுக்குங்கள். மேல்தட்டின் இடது ஓரத்தில் ஒரு சிறு கட்டையைத் திருகினால், இழைக்கும்போது பலகை அதில் முட்டி நிற்கும். வைஸ் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்று தெரியாத குடும்பங்கள் நம்முடையவை. பசை போடாததன் காரணம் அதுதான். மேல்தட்டு, கீழ்த்தட்டு, முதுகுப் பலகை ஆகியவற்றின் திருகுகளையும் எட்டு போல்ட்டுகளையும் கழற்றினால் மேசை மூட்டையாகி லாரியில் ஏறிவிடும்.

என் உள்ளங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. இரண்டாவது மேசையில் முதலில் செய்தது நவராத்திரிக்கு ஏழு கொலுப்படி. பொம்மைகளை அடுக்கும் முன் மனைவி ஒவ்வொரு படியையும் கையால் அசைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆடவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. எனக்கு அதுவே பரிசு.