கைத்தொலைபேசியில் வரும் சட்டம்

பசறை, ஹாலிஎல தோட்டங்களில் ஒரு தொழிலாளி இறந்தால், அவர் விட்டுச்செல்வது பெரும்பாலும் ஊழியர் சேமலாப நிதிப் பணம் மட்டுமே. குடியிருந்த லயன் அறைகூட அவருடையதல்ல. அப்பணத்தைத் தாய்க்குப் பெற்றுக்கொடுக்கும் வழியைப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தேடுகிறார்கள். தமிழில் தேடினால் தமிழ்நாட்டுச் சட்டம் வருகிறது: தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் பெறுக! பதுளையில் தாசில்தார் ஏது? அடுத்து வருவது தேசவழமை. அது யாழ்ப்பாணத் தமிழருக்குரியது. எமது மக்களுக்குப் பொதுச் சட்டமே. மரணசாசனம் இல்லாவிடில், 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி வாழ்க்கைத் துணைக்குப் பாதி, எஞ்சியது பிள்ளைகளுக்கு. சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளரைப் பெயரிட்டிருந்தால் அவரே பணத்தைக் கோரலாம்.

சரியான சட்டம் தெரிந்தாலும் தொல்லை தீர்வதில்லை. செக்ரோலில் வீட்டில் அழைக்கும் பெயர். அடையாள அட்டையில் சிங்களத்தில் எழுதும்போது திரிந்த பெயர். திருமணமோ தாலி கட்டியதோடு சரி, பதிவில்லை. இரு பெயரும் ஒருவரே என்பதை எந்த இணையத்தளம் நிரூபிக்கும்? தோட்டக் காரியாலயத்தின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் சான்று, சத்தியக் கடதாசி என்று அந்தத் தாய்தான் அலைய வேண்டியிருக்கிறது. கூலி வேறு போகிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியற்றோர் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வேலையில் இருப்போர் தம் பெயரையும் பின்னுரித்தாளரையும் இப்போதே சரிபார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.