பாலூட்டும் நேரம் யாருடையது? பட்டாசுத் தொழிலாளித் தாய்மாரும் சட்டமும்

விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணற்றில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் அது. பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை பற்றிய கேள்விகள் ஓய்ந்த பிறகு, பின்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த இளந்தாய் ஒருவர் தயங்கி எழுந்தார். "புள்ள பொறந்து மூணு மாசமாச்சுக்கா. நாப்பத்தஞ்சு நாள்ல திரும்பவும் பட்டாசு வேலைக்குப் போயிட்டேன். அதுலருந்து பாலு வத்திப்போச்சு. இதுக்கெல்லாம் சட்டத்துல ஏதாச்சும் இருக்கா?" என்றார். சிலர் சிரித்தனர். கண்ணு பட்டிருக்கும் என்றார் ஒரு பாட்டி. உடம்பில் சத்தில்லை என்றார் இன்னொருவர்.

சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதை விளங்கிக்கொள்ள, பால் எவ்வாறு சுரக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். நான் மருத்துவர் அல்லேன். மருத்துவர்களும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் சொல்லிவருவதையே இங்குத் தொகுக்கிறேன்.

சுரப்பின் கணக்கு

தாய்ப்பால் தேவையைப் பின்தொடர்ந்து சுரப்பது. குழந்தை சப்பும்போது புரோலாக்டின் என்னும் சுரப்புநீர் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் அதை வெளியேற்றுகிறது. பால் வெளியேறாமல் மார்பில் தேங்கினால், சுரப்பை உடல் தானே குறைத்துக்கொள்கிறது. வலியும் அச்சமும் கடுங்களைப்பும் பால் இறங்குவதைத் தற்காலிகமாகத் தடுக்கும்.

பிரசவமான சில வாரங்களில் மார்பின் கனமும் கசிவும் குறைவது இயல்பு. மூன்றாம், ஆறாம் வாரங்களை ஒட்டிக் குழந்தை அடிக்கடி பால் கேட்டு அழுவதும் இயல்பே; கேட்கும்போதெல்லாம் ஊட்டினால் சில நாட்களில் சுரப்பு உயரும். இந்த நாட்களில்தான் 'பால் போதவில்லை' என்ற அச்சத்தில் டப்பாப் பால் வீட்டுக்குள் வருகிறது. புட்டி கொடுத்த வேளைகளில் மார்பில் பால் தேங்குவதால், அச்சமாக இருந்தது உண்மையாகிவிடுகிறது.

முதல் வாரத்திற்குப் பிறகு குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் பால் போதுமானது. சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை பாலுக்கும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். டப்பாப் பால் தேவைப்படும் தாய்மாரும் உண்டு. அதில் குற்றவுணர்வு கொள்ள எதுவுமில்லை. ஆனால் விலை கட்டுப்படியாகாமல் தண்ணீரைக் கூட்டிக் கரைத்துக் கொடுப்பது குழந்தைக்கு ஆபத்து.

பத்து மணி நேரம்

இனி அந்தத் தாயின் நாளைப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு ஆலை வண்டி வருகிறது. வீடு திரும்பும்போது மாலை ஐந்தரை. இடையில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக ஊட்டலில்லை. நண்பகலுக்குள் மார்பு கட்டிச் சேலை நனைந்துவிடும். கழிப்பறைக்குப் போய்ப் பீய்ச்சிவிட்டு வருவாராம். கூலியோ பீஸ் ரேட். எழுந்து போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு குறையும். அதனால் நாளடைவில் எழுவதையே நிறுத்திவிட்டார். அவர் உடல் சுரப்பின் விதிப்படியே நடந்துகொண்டது. கண்ணேறு என்றும் சத்துக்குறைவு என்றும் ஊரார் அவர் உடலில் தேடிய காரணம், ஆலையின் வேலை நேரத்தில் இருந்தது.

சட்டம் தருவது

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வகுத்த உரிமைகள், அதை உள்வாங்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020இலும் தொடர்கின்றன. எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு அதன் விதிகளின்படி இ.எஸ்.ஐ. கழகமே இத்தொகையை வழங்கும். வேலைக்குத் திரும்பிய பின், வழக்கமான ஓய்வு இடைவேளைக்கு மேலாக, குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் தரப்பட வேண்டும்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். ஓய்வு இடைவேளையையும் சேர்த்து நாளொன்றுக்கு நான்கு முறை தாய் அங்கே சென்றுவர அனுமதிக்க வேண்டும். வெடிமருந்து இருக்கும் வளாகத்துக்குள் குழந்தையைக் கொண்டுவரக் கூடாது என்பது சரியே. காப்பகத்தைப் பாதுகாப்பான தொலைவில் வெளியே அமைக்கலாம். சட்டம் குறிப்பிட்ட தொலைவுக்குள் என்றுதான் சொல்கிறது. அலுமினியப் பொடியும் கந்தகமும் படிந்த கைகளைக் கழுவி, உடை மாற்றிக்கொண்டு குழந்தையைத் தூக்க நீரும் அறையும் அங்கே இருக்க வேண்டும்.

'தினக்கூலிக்கு இதெல்லாம் கிடையாது' என்பதே வழக்கமான பதில். டெல்லி மாநகராட்சிக்கு எதிராகத் தினக்கூலிப் பெண்கள் தொடுத்த வழக்கில், மகப்பேறு நலன் அவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம், பாலூட்டுவது தாயின் பறிக்க முடியாத உரிமை என்றும், அது அரசமைப்பின் 21ஆம் கூறின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்றும் கூறியது.

ஏன் கைக்கு எட்டவில்லை?

நம் பகுதியில் முதலாளி யார் என்பதே பல நேரங்களில் தெரிவதில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளம் ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை வேறு குத்தகைதாரர்கள் கையிலும் இருந்தது வெளிவந்தது. உள்குத்தகை விபத்துப் பொறுப்பை மறைப்பது போலவே மகப்பேறு உரிமையையும் மறைக்கிறது. பதிவேட்டில் ஐம்பதுக்குக் குறைவான பெயர்களைக் காட்டினால் காப்பகம் கட்டத் தேவையில்லை. பதிவேட்டில் பெயரே இல்லாத பெண்ணுக்கு 80 நாளை மெய்ப்பிப்பதே பெரும்பாடு.

இங்கே சாதியும் வேலை செய்கிறது. இடைவேளை கேட்டால் 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்ற ஒரு சொல் போதும். காடு கரை உள்ள வீட்டில் அது வருமான இழப்பு. நிலமற்ற தலித் வீட்டில் அன்றே அடுப்பு அணையும். இதனால்தான் கேட்கும் துணிவு அவ்வளவு அரிதாக இருக்கிறது.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலனுக்கே உரியது என்றும், பெண்ணின் உழைப்பால் பயனடையும் முதலாளி அதன் செலவில் பங்கேற்க வேண்டும் என்றும் வாதிட்டார். நூறாண்டை நெருங்கும் அந்த வாதம் இன்னும் பட்டாசு ஆலையின் வாசலிலேயே நிற்கிறது.

செய்யக்கூடியவை

மாணவர்களும் களப்பணியாளர்களும் மூன்று வேலைகளைத் தொடங்கலாம். முதலாவது, கருவுற்ற பெண் வேலைக்குச் செல்லும் நாட்களைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்வது. ஆலை வண்டி, கூலிச் சீட்டு, உடன் வேலை செய்வோரின் சாட்சியம் ஆகியவை அதற்கு வலு சேர்க்கும். இரண்டாவது, தனியொரு பெண்ணாக அல்லாமல் பலர் சேர்ந்து, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுத்துமூலம் புகார் அளிப்பது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மூன்றாவது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் அங்கன்வாடிச் சத்துமாவும் உரியவர்களை வந்தடைகின்றனவா எனத் தெருத் தெருவாகச் சரிபார்ப்பது.

அன்று அந்தத் தங்கையிடம், இரவிலும் அதிகாலையிலும் கூடுதலாக ஊட்டினால் சுரப்பை ஓரளவு மீட்கலாம் என்று செவிலியர் சொன்னார். பகலில் அவர் இழந்த மணிகளை ஆலை திருப்பித் தர வேண்டும் என்று நான் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் மேலும் நான்கு பெண்கள் வந்து, தங்களுக்கும் அப்படித்தான் வற்றியது என்றார்கள். ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒரு கூட்டு மனுவுக்கு அது போதும்.