நார்ம்கோர்: சாதாரணமாகத் தெரிவதற்கான அலங்காரம்

வெளுத்த நீல ஜீன்ஸ், எழுத்தோ படமோ இல்லாத சாம்பல் நிற டி-ஷர்ட், வெள்ளைச் சாக்ஸ், கனத்த அடி கொண்ட ஓட்டப் பயிற்சி ஷூ. வாரக் கடைசியில் மளிகை வாங்கப் போகும் நடுத்தர வயது அமெரிக்கக் குடும்பத் தலைவரின் உடுப்பு இது. இதையே நியூயார்க்கின் ஓவியர்களும் மாடல்களும் தேடிப் பிடித்து அணியத் தொடங்கியபோது அதற்கு நார்ம்கோர் என்று பெயர் வந்தது. 2013, 2014 ஆண்டுகளில் தலையெடுத்த போக்கு. ஆடையில் புதிதாக எதுவும் கிடையாது. அதே ஜீன்ஸ், அதே ஷூ, அதே கடை. அணிபவர் வேறு எதை அணிந்திருக்க முடியும் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் இந்த உடுப்பு நாகரிகமாகிறது; தெரியாவிட்டால் அது வெறும் உடுப்பு.

பெயரைப் பரப்பியவர்கள் தையல் கலைஞர்கள் அல்லர். பரப்பியது, கே-ஹோல் என்ற பெயரில் நியூயார்க்கில் ஐந்து இளைஞர்கள் நடத்திவந்த குழு. பெருநிறுவனங்கள் பெரும்பணம் கொடுத்து வாங்கும் சந்தைக் கணிப்பு அறிக்கைகளின் நடையைப் பாதி வினையாகவும் பாதி விளையாட்டாகவும் எடுத்தாண்டு, தாங்களே அறிக்கைகள் எழுதி இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். 2013 அக்டோபரில், பிரேசிலைச் சேர்ந்த பாக்ஸ் 1824 என்ற நிறுவனத்துடன் சேர்ந்து 'யூத் மோட்' என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். பெருநகர இளைஞர்கள் ஒவ்வொருவரும் தான் மட்டும் தனி ரகம் என்று காட்டிக்கொள்ளப் பாடுபட்டு, கடைசியில் பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாத மூலையில் போய் நிற்கிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. அதற்கு அவர்கள் சொன்ன மருந்துதான் நார்ம்கோர். எந்தக் கூட்டத்தில் இருக்கிறோமோ அந்தக் கூட்டத்தோடு கூச்சமில்லாமல் கலந்துவிடும் மனநிலை. கால்பந்து பார்க்கும் இடத்தில் கால்பந்து ரசிகராக இருந்துவிட்டுப் போவது, ஆட்டத்தின் விதிகள் பிடிபடாவிட்டாலும் சரி. ஒன்றுமில்லாத எளிய ஆடைகளைப் போட்டுக்கொள்வதற்கு அந்த அறிக்கை வேறொரு பெயர் வைத்திருந்தது. அதை நார்ம்கோரிலிருந்து பிரித்தே பேசியது.

2014 பிப்ரவரியில் 'நியூயார்க்' பத்திரிகையின் கட்டுரை ஒன்று இரண்டையும் ஒன்றாக்கியது. சுற்றுலாப் பயணி யார், கலைக் கல்லூரி மாணவர் யார் என்று பின்னாலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு உடை மாறியிருப்பதைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரை. சில வாரங்களில் உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் அந்த ஆண்டுச் சொல்லுக்கான இறுதிப் பட்டியலிலும் நார்ம்கோர் இடம்பெற்றது, தேர்வானது மின்சிகரெட் புகைப்பதைக் குறிக்கும் 'வேப்' என்ற சொல். அறிக்கையின் கருத்தைத் திரித்துவிட்டார்கள் என்ற வருத்தம் அதை எழுதியவர்களுக்கு இருந்தது. ஆனால் இது நடந்தே தீர வேண்டிய விஷயம். மனநிலையைப் படம் பிடிக்க முடியாது, கடை அலமாரியில் அடுக்கி வைக்கவும் முடியாது. ஜீன்ஸை அடுக்கலாம்.

எளிமையை அந்தஸ்தாக்கும் வித்தை இதைவிடப் பல தலைமுறை மூத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் போ பிரம்மெல் என்பவர் பட்டு, சரிகை, பொய்முடிப் பவுடர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கச்சிதமாகத் தைத்த அடர்நிறக் கோட்டையும் கஞ்சி போட்ட வெள்ளைக் கழுத்துத் துணியையும் அணிந்தார். அந்தத் துணியை மடிப்புக் கலையாமல் கட்டுவதற்கே அவருக்கு வெகுநேரம் பிடிக்குமாம். அதைக் காண இளவரசரே வந்து உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார்கள். ஆண்கள் இப்படிப் பகட்டைக் கைவிட்டதை 1930-இல் உளவியலாளர் ஜே. சி. ஃப்ளூகல் 'ஆண்களின் பெருந்துறவு' என்று வர்ணித்தார். பெண்களின் உடையில் இதைச் செய்தவர் வடிவமைப்பாளர் கோகோ ஷனெல். 1926-இல் 'வோக்' இதழ் அவருடைய சாதாரணக் கறுப்பு கவுனை ஃபோர்டு காருடன் ஒப்பிட்டது. அவருக்கு முந்திய தலைமுறை வடிவமைப்பாளர் பால் புவாரே அதைப் பணக்கார வறுமை என்கிற பொருளில் கேலி செய்தார். பொறாமையில் சொன்னதாக இருக்கலாம். ஆனாலும் இன்றைய நார்ம்கோருக்கு அதைவிடப் பொருத்தமான விமர்சனத்தைக் காண்பது கடினம்.

எளிய உடைக்கு இன்னொரு வழிமுறையும் உண்டு. அதில் காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படும். கடவுள் முன் எல்லோரும் சமம் என்பதால் குவேக்கர் கிறிஸ்தவர்கள் பளிச்சென்ற நிறமும் நாடாவும் இல்லாத உடை உடுத்தினார்கள். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி அரைவேட்டிக்கு மாறினார். கதர் வாங்க வசதியில்லாதவர்களிடம் கதர் உடுத்தச் சொல்வதற்கு முன் தன் துணியைக் குறைக்க வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். நார்ம்கோர் எந்த விளக்கமும் தருவதில்லை. ஏன் இப்படி உடுத்துகிறாய் என்று கேட்டால் தோளைக் குலுக்குவதே அதன் பதில்.

இந்தப் பாணியின் முன்னோடி என்று பலரும் காட்டுவது ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸை. கழுத்து மூடிய கறுப்பு மேலாடை, லீவைஸ் 501 ஜீன்ஸ், நியூ பேலன்ஸ் ஷூ. இந்த உடுப்பு வந்த கதையை அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய வால்டர் ஐசக்சன் பதிவு செய்திருக்கிறார். 1980-களில் ஜப்பானில் சோனி ஆலைக்குப் போன ஜாப்ஸ், அங்கே எல்லோரும் சீருடையில் இருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டார். போருக்குப் பிறகு ஜனங்களிடம் உடுத்தத் துணி இல்லை, அதனால் வேலை கொடுத்த நிறுவனமே துணியும் கொடுக்க வேண்டியதாயிற்று என்றார் அதன் தலைவர் அகியோ மொரிடா. சோனிக்குச் சீருடை வடிவமைத்தவர் இஸ்ஸே மியாகே. கைகளை ஜிப்பால் கழற்றினால் கையில்லாச் சட்டையாகிவிடும் மேலாடை அது. அதேபோல் ஆப்பிளுக்கும் ஒன்று வேண்டும் என்று ஜாப்ஸ் மாதிரி செய்து எடுத்துப் போனபோது ஊழியர்கள் கூச்சல் போட்டு விரட்டிவிட்டார்கள். சீருடைத் திட்டம் போயிற்று. ஜாப்ஸுக்கு மட்டும் மியாகே கறுப்பு மேலாடைகள் சுமார் நூறு தைத்துக் கொடுத்தார். போரில் நொந்த நாட்டின் துணிப் பஞ்சத்தில் பிறந்த சீருடை, கலிஃபோர்னியாவில் ஒரே ஒரு கோடீஸ்வரரின் முத்திரையாகிவிட்டது. பின்னாளில் இதே கறுப்பு மேலாடையைத் தெரனோஸ் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸும் அணிந்தார். ரத்தப் பரிசோதனைக் கருவி பற்றி முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022 ஜனவரியில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. பகட்டை நம்பாதவர்கள்கூட எளிமையை எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறார்கள்!

ஃபேஸ்புக்கின் மார்க் ஸக்கர்பெர்க் 2014-இல், அற்ப விஷயங்களில் முடிவெடுக்கும் வேலையைக் குறைக்கவே தினமும் சாம்பல் டி-ஷர்ட் அணிவதாகச் சொன்னார். ஃபேஸ்புக் பங்குச் சந்தைக்கு வரவிருந்த 2012 மே மாதம், முதலீட்டாளர் கூட்டத்துக்கு அவர் தொப்பி வைத்த ஹூடியில் போனபோது, முதிர்ச்சியில்லை என்று ஓர் ஆய்வாளர் குறை சொன்னார். ஸக்கர்பெர்க்குக்கு அந்த உடையால் வந்த தொல்லை அவ்வளவுதான். அதே ஆண்டு பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டு ஊரில் ஹூடி அணிந்து நடந்துபோன டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன், சந்தேகத்துக்குரியவனாகக் கருதப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டான். கையில் ஆயுதம் எதுவும் இல்லை. அதைக் கண்டித்து ஹூடி அணிந்து பேசிய பாபி ரஷ் என்ற கறுப்பின உறுப்பினர், மார்ச் மாதம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். யாரும் கவனிக்காத சாதாரண மனிதராகத் தோன்றுவது எல்லோருக்கும் கிடைக்கும் வசதி அல்ல. வெள்ளை நிறமும் ஒல்லியான உடலும் இளமையும் வாய்த்தவர்களுக்கே நார்ம்கோர் நாகரிகமாகப் பட்டது என்ற விமர்சனம் தொடக்கத்திலிருந்தே இருந்துவருகிறது.

வசதியுள்ளவர் வேண்டுமென்றே எளிமையாக உடுத்தும் இந்தச் சங்கேதம் விலையுயர்ந்த கடைகளின் பணியாளர்களுக்கு நன்றாகவே புரியும். இத்தாலியின் மிலான் நகரில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சி உடையில் அல்லது ரோமக் கோட்டு அணிந்து கடைக்கு வரும் பெண்ணின் அந்தஸ்தை மதிப்பிடச் சொல்லப்பட்டது. ஆடம்பரக் கடைப் பணியாளர்கள் உடற்பயிற்சி உடைக்காரரை உயர்த்தினார்கள். அந்தக் கடைகளோடு பழக்கமில்லாத பாதசாரிகள் ரோமக் கோட்டுக்காரரை உயர்த்தினார்கள்.

வியாபாரம் நார்ம்கோரைப் பிடிக்க முயன்று சறுக்கியது. எளிய உடைக்கே பெயர் போன கேப் நிறுவனம் 2014-இல், 'சாதாரணமாக உடுத்து' என்ற முழக்கத்துடன் திரைப்பட இயக்குநர் டேவிட் ஃபின்ச்சரைக் கொண்டு கறுப்பு வெள்ளை விளம்பரங்கள் எடுத்தது. விற்பனை ஏறவில்லை. சாதாரணமாக இருப்பவருக்கு அந்த அறிவுரை தேவையில்லை. வேண்டுமென்றே சாதாரணமாகத் தோன்றுகிறவருக்கோ விளம்பரம் பார்த்து வாங்கினார் என்ற பெயர் வரக்கூடாது. எதிர்த்திசையில் வெட்மோன் நிறுவனம் வெற்றி கண்டது. டிஹெச்எல் கூரியர் ஊழியரின் மஞ்சள் டி-ஷர்ட்டை 2015-இல் பாரிஸ் மேடையேற்றி, 185 பவுண்டுக்கு விற்றது. இந்த ஏற்ற இறக்கத்தோடு சம்பந்தமில்லாமல் ஜப்பானின் முஜியும் யூனிக்லோவும் முன்பிருந்தே சின்னமில்லாத உடைகளை விற்றுவந்தன, இன்றும் விற்கின்றன. மேற்கத்திய கடைகளுக்குப் போகும் பருத்தி டி-ஷர்ட்டுகளில் கணிசமானவை திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைக்கப்படுபவை. அங்கே ஒரே மாதிரித் துணியில் ஒரே மாதிரித் தையல். மேலே ஒட்டும் பெயரும் விலையும்தான் வேறு.

2023-இல் இந்தப் போக்கின் பணக்கார உறவினர் பிரபலமானார். 'சக்ஸெஷன்' தொலைக்காட்சித் தொடரின் கோடீஸ்வரர்களும், யூட்டா நீதிமன்றத்தில் வழக்குக்கு வந்த நடிகை குவினெத் பால்ட்ரோவும் சின்னமே தெரியாத, ஆனால் துணியின் தரத்தால் விலை எகிறும் ஸ்வெட்டர்களையும் கோட்டுகளையும் அணிந்தார்கள். 'அமைதியான ஆடம்பரம்' என்று அதற்குப் பெயர். நார்ம்கோர் ஜீன்ஸை யாரும் வாங்கலாம், அதை அணியும் தைரியம்தான் அந்தஸ்து. இங்கே அந்தஸ்து மறுபடி பணத்திடமே திரும்பிவிட்டது. சாம்பல் டி-ஷர்ட் மென்பொருள் அலுவலகங்கள் எங்கும் சீருடையாகிவிட்ட பிறகு, 2024 செப்டம்பரில் ஸக்கர்பெர்க், சீசர் பெயர் வரும் பழைய லத்தீன் வாசகத்தில் தன் பெயரைப் பொருத்திய தொளதொளப்பான கறுப்பு டி-ஷர்ட்டில் மேடையேறினார். வெள்ளைச் சாக்ஸும் கனத்த ஷூவும் இன்று எல்லா நகரங்களிலும் எல்லா வயதினரும் அணிபவை. அவற்றை யாரும் நார்ம்கோர் என்று அழைப்பதில்லை.